ஊன்றுகோல் யார் கையில்?

பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை. இதனை மறுப்பார் இந்நாட்டில் ஒருவரும் இலர். மேடை ஏறியோர் பலரும் கூறிய மொழிதான் இது. கூறியது போதும்! அக்கடமையை எவர் செய்கிறார், எதனை இழந்து செய்கிறார், குடும்பத்தால் இயலாதபோது நாடு என்ன செய்கிறது என்று கேட்கும் காலம் வந்துவிட்டது.

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்திய நாட்டில் நூற்றுக்கு 8.6 பேர் 60 வயதை எட்டியவர்கள். தமிழகத்திலோ நூற்றுக்கு 10.4 பேர். இது நாம் நாணவேண்டிய செய்தியன்று. குழந்தைச் சாவு குறைந்தது, அம்மை ஒழிந்தது, ஆயுள் நீண்டது என்பதற்கான சான்று இது. ஆயினும், ஆயுளை நீட்டித் தந்த அதே காலம் குடும்பத்தைச் சுருக்கியும் விட்டது. ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் இன்று ஒருவரோ இருவரோதாம். அவர்களும் பிழைப்பைத் தேடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட்டனர். ஊரிலே, பெரிய வீட்டின் ஒரே ஓர் அறையில், ஒற்றை விளக்கின் கீழ்த் தாய் இருக்கிறாள்.

தனித்திருக்க இயலாத நிலை ஒரே நாளில் வருவதன்று. அடுப்பை அணைக்க மறப்பதில் தொடங்கும். மாத்திரையை இருமுறை விழுங்குவார். மறுநாள் விழுங்காமலே விட்டுவிடுவார். குளியலறையில் வழுக்கி விழுவார். விழுந்ததைப் பிறரறியாமல் மறைப்பார். மறைப்பது ஏன்? சொன்னால் தம்மை இவ்வீட்டைவிட்டுப் பெயர்த்துவிடுவார்களே என்னும் அச்சம்! இடுப்பெலும்பு முறிந்த பின்னரே உண்மை வெளியாகிறது. அன்றுதான் குடும்பம் கூடுகிறது. 'ஆறு மாதம் உன்னிடம், ஆறு மாதம் என்னிடம்' என்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் முறை வைக்கிறார்கள். காணி நிலத்தைப் பங்கிடுவது போலத் தாயைப் பங்கிடும் அக்கூட்டத்தில், அவள் விருப்பம் யாதெனக் கேட்டவர் எவர்?

பங்கிடுவோர் ஆண்கள், பாடுபடுவோர் பெண்கள். இதை மூடி மறைப்பதில் பயனில்லை. படுக்கையை மாற்றுவதும், உணவை ஊட்டுவதும், நள்ளிரவில் எழுந்து தாங்கிப் பிடிப்பதும் மருமகளின் வேலை. இன்றேல் மகளின் வேலை. இதன்பொருட்டு ஆலை வேலையை விட்டு நிற்கும் பெண்களை நம் தெருக்களிலேயே காணலாம். வேலை நின்றதோடு ஊதியம் நிற்கிறது. சேமநல நிதி நிற்கிறது. மாமியாரின் முதுமைக்குத் தன் நடுவயதை ஈந்த அவளுக்கு, அவளுடைய முதுமையில் மிஞ்சுவது என்ன? இக்கணக்கை எந்த வரவு செலவுத் திட்டமும் எழுதவில்லை.

சட்டம் இல்லையா என்பர் சிலர். உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007 இல் இயற்றப்பட்டது. கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. அறிவிப்புச் சார்பு செய்த 90 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். மிகச் சிறப்பான காரணம் இருந்தால் மேலும் 30 நாள். முதியோரைக் கைவிடுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என அச்சட்டம் விதித்தது. ஆதரவற்ற முதியோர்க்காக, 150 பேர் தங்கத்தக்க இல்லம் ஒன்றையேனும் மாவட்டந்தோறும் அமைக்கலாம் என்றும் கூறிற்று. மகனுக்கு 'வேண்டும்' என்று ஆணையிட்ட சட்டம், அரசுக்கு மட்டும் 'அமைக்கலாம்' என்று மெல்லப் பேசியது காண்க!

சொத்தைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகள் காப்பாற்றுவர் என்று நம்பி வீட்டைத் தானசெட்டில்மெண்டு எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்த பெற்றோர் பலர். பேணாவிடில் அப்பத்திரத்தை இரத்துச் செய்ய இச்சட்டத்தின் 23 ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆயின், பேண வேண்டும் என்னும் நிபந்தனைக்கு உட்பட்டே சொத்து மாற்றப்பட்டது என்பதை நாட்ட வேண்டும் என 2022 இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. முதியோரைக் காக்கும் நோக்குடனேயே இச்சட்டத்துக்குப் பொருள் கொள்ள வேண்டும் என 2025 சனவரியில் மற்றொரு தீர்ப்பில் உரைத்தது. எனவே, எழுதிக் கொடுப்போர் அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைத்தல் அறிவுடைமை.

ஆனால், எவரும் கைவிடாத வீட்டில் சட்டம் என்ன செய்யும்? மகன் நல்லவன், மருமகள் நல்லவள், இருவரும் வேலைக்குப் போனால்தான் உலை கொதிக்கும். அவ்வீட்டில் நினைவிழந்த தந்தையைப் பகலில் காப்பவர் யார்? தமிழகத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962 இல் தொடங்கியது. 2023 இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்கு 40 ரூபாய்! இதிலே மருந்து வாங்குவதா, துணைக்கு ஆள் வைப்பதா? 79 வயது வரையுள்ள முதியோர்க்கு மத்திய அரசு தந்த பங்கு 2007 இல் 200 ரூபாய். 2024 இலும் அதே 200 ரூபாய். விலைவாசி ஏறியது, இந்த எண் மட்டும் ஏறவில்லை.

வசதியுள்ளோர் ஆள் வைத்துக்கொள்கின்றனர். அந்த ஆள் யார்? தன் தாயை ஊரில் விட்டுவிட்டுப் பிறர் தாயைப் பேண வந்த ஏழைப் பெண். அவளுக்கு வார விடுமுறை உண்டா? உறங்க இடம் உண்டா? வீட்டுப் பணியாளர் உரிமைக்காக உலகத் தொழிலாளர் அமைப்பு 2011 இல் உடன்படிக்கை வகுத்தது. ஆதரித்து வாக்களித்த இந்திய அரசு, அதனை ஏற்றுக் கையொப்பமிட முன்வரவில்லை.

அரசு புகுந்தால் பாசம் வற்றிவிடும் என்பார் வாதம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் கட்டியதால் பிள்ளைப் பாசம் வற்றியதோ? சத்துணவு இட்டதால் அன்னையர் சோறாக்க மறந்தனரோ? மூச்சுவிட நேரம் கிடைக்குமிடத்தில்தான் அன்பும் நிலைக்கும்.

சப்பான் நாட்டைப் பாருங்கள். 1997 இல் சட்டம் இயற்றி, 2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கினர். 40 வயது முதல் அனைவரும் கட்டணம் செலுத்துகின்றனர். ஏறத்தாழப் பாதியை வரிப்பணம் ஏற்கிறது. முதியவர்க்கு எவ்வளவு உதவி தேவை என்று அளந்து, அதற்கேற்ப வீட்டுக்கே பணியாளர் வருகிறார். குறைகள் அங்கும் உண்டு. பணியாளர் தட்டுப்பாடும் உண்டு. ஆயினும், பேணுதல் பொதுப்பொறுப்பு என்று ஏற்றனர். அண்டையில் உள்ள கேரளமோ, 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புப் பணியை ஊராட்சிகளின் பணியாக வளர்த்து, 2008 இல் அரசின் கொள்கையாகவே அறிவித்தது.

தமிழகத்திலும் வித்து இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டு வாயிலுக்குக் கொணர்ந்தது. மாத்திரை வந்தது, கைத்தாங்கலும் வரவேண்டும். வட்டந்தோறும் காலையில் விட்டு மாலையில் அழைத்துச் செல்லத்தக்க முதியோர் பகற்காப்பகம் வேண்டும். பயிற்சி பெற்று, முறையான ஊதியம் பெறும் பராமரிப்புப் பணியாளர் வேண்டும். வேலையை விட்டுப் பேணும் பெண்ணுக்கு உதவித்தொகை வேண்டும். சட்டத்திலுள்ள 'லாம்' என்பது 'வேண்டும்' என்றாக வேண்டும்.

தோழர்களே! கோரிக்கை எழுப்புவதோடு நம் பணி முடிந்துவிடாது. வாக்காளர் பட்டியலை வீடுவீடாகச் சரிபார்க்கத் தெரிந்த நமக்கு, தனித்து வாழும் முதியோரின் பட்டியலைத் தொகுக்கத் தெரியாதா? கிளைதோறும் தொகுப்போம். ஓய்வூதிய மனுவையும் தீர்ப்பாய மனுவையும் எழுதித் தரப் படிப்பகத்தில் வாரம் ஒரு மாலையை ஒதுக்குவோம். முதியோர் உதவிக்கான 14567 என்னும் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதுவோம். மழை நாளில் கதவைத் தட்டி, 'அம்மா, சாப்பிட்டீர்களா?' என்று கேட்போம். எங்கே இருக்க விருப்பம் என்பதையும் அவரிடமே கேட்போம்.

இன்னொன்றும் உண்டு. நம் வீட்டில் படுக்கையை மாற்றுபவர் யார் என்பதை இன்றிரவே பார்ப்போம். சமத்துவம் பேசும் தோழன், அந்தக் கையிலிருந்து பாதி வேலையைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளட்டும்.