மெகாவாட் போதாது, யூனிட் வேண்டும்!

மொத்த எரிசக்திப் பயன்பாட்டில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தினால், முன்வரிசையில் நிற்பது ஜெர்மனியோ டென்மார்க்கோ அல்ல. காங்கோ ஜனநாயகக் குடியரசு. அங்கே அந்தப் பங்கு 90 சதவீதத்துக்கும் மேல். காரணம் சோலார் பேனல் அல்ல, விறகும் அடுப்புக்கரியும். அவற்றையும் புதுப்பிக்கத்தக்கவை என்றே சர்வதேசப் புள்ளிவிவரங்கள் கணக்கிடுகின்றன. மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நார்வே முன்வரிசையில் நிற்கிறது. அது மலையும் அருவியும் அந்த நாட்டுக்குத் தந்த சீதனம். ஆகவே, இன்று யாருக்கு எத்தனை சதவீதம் என்று பார்ப்பதைவிட, யார் எங்கே தொடங்கி, எந்தக் கொள்கையால் இங்கு வந்தார்கள் என்று பார்ப்பதே பயன் தரும்.

2000-ல் ஜெர்மனியின் மின்சாரத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சுமார் 6 சதவீதம்தான். 2023-ல் பாதியைத் தாண்டிவிட்டது. அந்த நாட்டின் 2000-ம் ஆண்டுச் சட்டம், மின்தொகுப்புக்கு வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 20 ஆண்டுகளுக்கு விலை உறுதி தந்தது. கூரையில் பேனல் போட்டவரும் வங்கிக் கடன் வாங்க முடிந்தது. இதற்கான செலவு 2022 வரை மின்கட்டணத்தில் கூடுதல் சுமையாக மக்கள் தலையில் விழுந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

உருகுவே வேறு வழியில் போனது. மழை பொய்த்தால் அணைகள் வறண்டு, எண்ணெய் இறக்குமதியில் பணம் கரைந்த நாடு அது. 2008 வாக்கில் அங்கே காற்றாலை மின்சாரம் ஏறக்குறைய இல்லை. அரசு மின்நிறுவனமான யூடிஇ ஏலம் விட்டு, நீண்டகால ஒப்பந்தத்தில் தனியாரிடம் மின்சாரம் வாங்கியது. பத்தே ஆண்டுகளில் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காற்றிலிருந்து வந்தது. காற்று வீசும்போது அணை நீர் மிச்சமாகிறது. காற்று ஓய்ந்தால் அந்த நீர் கைகொடுக்கிறது.

தமிழ்நாடு இவர்களுக்குப் பிந்தித் தொடங்கியதல்ல. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-லேயே காற்றாலைகள் சுழன்றன. ஆனால், 1990-களில் தனியார் முதலீட்டை இழுத்தது முதல் ஆண்டிலேயே 100 சதவீதத் தேய்மானக் கழிவு தந்த மத்திய அரசின் வரிச்சலுகை. ஜெர்மனி யூனிட்டுக்குப் பணம் தந்தது. நாம் காற்றாலையை நிறுவியதற்கே சலுகை தந்தோம். காற்றாலைத் தொழில் இங்கே வேரூன்ற அந்தச் சலுகை உதவியது உண்மை. ஆனால், எத்தனை யூனிட் கிடைத்தது என்பது அதில் இரண்டாம்பட்சமானது. உற்பத்திக்கேற்ற ஊக்கத்தொகையை மத்திய அரசு கொண்டுவர 2009 ஆகிவிட்டது.

விளைவைக் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் பார்க்கலாம். நல்ல காற்று வீசும் இடங்களை 250 கிலோவாட் போன்ற பழைய சிறு காற்றாலைகள் பிடித்துவைத்திருக்கின்றன. இன்றைய 3 மெகாவாட் காற்றாலை ஒன்று நிறுவுதிறனில் அவற்றில் பன்னிரண்டுக்குச் சமம். காற்று சீசனில் மின்தொகுப்பு தாங்காமல், ஓடும் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு.

நிறுவுதிறனில் எத்தனையாவது இடம் என்ற பெருமை இனி போதாது. பழைய காற்றாலைகளை மாற்றவும், மின்தடங்களை வலுப்படுத்தவும், நீரேற்று மின்நிலையங்கள் அமைக்கவும் பணம் போக வேண்டும். கிடைத்த யூனிட் எவ்வளவு, வாங்காமல் விட்ட யூனிட் எவ்வளவு என்று ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் கணக்கு வைத்தால், அந்தப் பணம் சரியான இடத்துக்குப் போகிறதா என்பது தெரிந்துவிடும்.