பூட்டிக் கிடக்கும் வளவுகளைப் பாருங்கள்

அன்பான ஊரவர்களுக்கு,

ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து புத்தி சொல்ல வந்துவிட்டான் என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். வாசித்துவிட்டுச் சுளியுங்கள்.

கடலால் கஞ்சா வந்திறங்குவது வடமராட்சிக்குப் புதிதல்ல. ஐஸ் என்கிற போதைப்பொருளும் ஹெரோயினும் ஒழுங்கைக்குள் நுழைந்ததுதான் புதிது. அவற்றை விற்கவும் பாவிக்கவும் ஒதுக்கிடம் வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் பூட்டிப்போட்ட வீடுகளும் பற்றை மண்டிய வளவுகளும் அதற்குத் தோதாய்க் கிடக்கின்றன.

அப்படியான வளவில் எதைப் பார்ப்பது? பின்வேலியில் புதிதாக ஒரு பொட்டு. கிணற்றடியில் ஒரு பக்கம் கறுத்த சிகரெட் வெள்ளித்தாள், துண்டு துண்டாய் வெட்டிய ஸ்ட்ரோ, லைட்டரால் வாய் ஒட்டிய நகமளவு பொலித்தீன் பைகள், சிலவேளை ஊசி. ஊசியைக் கையால் தொடவேண்டாம். ஒழுங்கை முகப்பில் மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிறுத்தாமலே நிற்கும்; ஒருவன் வந்து கைகொடுப்பான், இரண்டு நிமிடத்தில் இருவருமே இல்லை. ஒருநாள் என்றால் சிநேகிதம். நாளாந்தம் வேறுவேறு முகங்கள், ஒரே இடம் என்றால் வியாபாரம். அயலில் தண்ணீர் மோட்டரும் செப்புக்கம்பியும் களவு போவதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே எங்களுக்கும் ஒன்று தெரிகிறது: மருமகன் வைபரில் மூன்றாம் முறையும் 'போன் உடைஞ்சு போச்சு' என்று காசு கேட்பது.

ஆனால் ஒற்றை அடையாளத்தை வைத்துப் பெடியனுக்குப் பட்டம் கட்டாதீர்கள். மதகில் இருந்து கதைக்கிறவன் எல்லாம் குடுக்காரன் அல்ல. படம் பிடித்து பேஸ்புக்கில் போடுவது மகா மடத்தனம். விற்கிறவன் உஷாராவான், பாவிக்கிறவன் வீட்டைவிட்டு ஓடுவான். நேரே போய்ச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். நேரத்தையும் வாகன இலக்கத்தையும் குறித்து 119 க்குச் சொல்லுங்கள். சிக்கிய பிள்ளைக்கு ஆலோசனையும் சிகிச்சையும் கேட்க, தேசிய அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இருக்கிறது.

'இதைக் கொஞ்சநேரம் வைச்சிரு' என்று எவர் எதைத் தந்தாலும் வாங்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். 2022 இல் திருத்திய சட்டப்படி 5 கிராம் ஐஸோடு பிடிபட்டாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரும். 5 கிராம் என்பது கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டிச் சீனி.

சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்து, ஆளில்லா வளவுகளின் பட்டியலை எழுதி அனுப்புங்கள். பற்றை வெட்டவும் வெளிச்சம் போடவும் சொந்தக்காரரிடம் காசு கேட்கும் வேலை என்னுடையது. கோயில் தேருக்குத் தந்தவர்கள் இதற்கும் தரத்தான் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஊரவன்