பள்ளி மேடைக்கு யாரை அழைப்பது? திருப்பூர் நெருப்பெரிச்சல் வட்டார அறிவியல் ஆசிரியர்–பெற்றோர் குழுவின் நிலைப்பாடு

2024 ஆகஸ்ட் 28 அன்று சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளிக்கு அழைக்கப்பட்ட பேச்சாளர் என்ன பேசினார், பிறகு என்னென்ன நடந்தன என்பதெல்லாம் உறுப்பினர்களுக்குத் தெரியும். பள்ளி நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறை வகுக்கப்படும் என்று முதல்வர் அறிவித்ததைக் குழு வரவேற்கிறது. ஆனால் யாரை அழைக்கக் கூடாது என்று சொல்வதோடு வேலை முடிந்துவிடாது. யாரை அழைப்பது என்பதே குழுவின் கேள்வி.

உடற்குறைக்குக் காரணம் முற்பிறவிப் பாவம் என்று அன்று பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது. எழுந்து எதிர்த்தவர் பார்வை மாற்றுத்திறனாளியான தமிழாசிரியர். அறிவியல் பாடம் நடக்கும் வளாகத்தில் இப்படியொரு பேச்சு ஒலித்தது வெட்கக்கேடு. ‘வெட்கக்கேடு’ என்ற சொல் கடுமையானது, மாற்றலாம் என்று உறுப்பினர் சிலர் கருதினர், பெரும்பான்மையோர் மறுத்துவிட்டனர். அந்தப் பேச்சுக்கு மறுமொழியாக ஒரு கதை உண்டு. பார்வையற்ற கார்த்திக் சாஹ்னி, சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்டு வாதாடிப் படித்தார். 2013இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. பிள்ளைகள் கேட்க வேண்டியது இவரைப் போன்றவர்களின் கதையை.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தன்று பள்ளிகளில் ராமன் படத்துக்கு மாலை போடுகிறார்கள். போடட்டும், ராமன் விளைவு பெரிய சாதனைதான். 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கமலா சோஹோனியைப் பெண் என்பதற்காகச் சேர்க்க மறுத்தவரும் அதே ராமன்தான். சோஹோனி விடவில்லை. ஓராண்டு தகுதிகாண் நிபந்தனையோடு உள்ளே போனார், 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அந்த மாலையைப் போடும் சிறுமிக்கு இதையும் சொல்ல வேண்டும் என்று குழு கேட்கிறது.

திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்ற இ.கே. ஜானகி அம்மாள் 1934 முதல் 1939 வரை அங்கே வேலை பார்த்தார். கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார், கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து கலப்பினம் உருவாக்கினார். தீயர் சாதியில் பிறந்த, திருமணம் செய்துகொள்ளாத பெண்ணுக்கு அந்த ஆண்கள் கூடத்தில் கிடைத்தது ஒதுக்கல். லண்டனுக்குப் போனார். 1945இல் மரபியலாளர் டார்லிங்டனுடன் சேர்ந்து அவர் எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு உலகெங்கும் பயன்பட்டது. 1977இல் பத்மஸ்ரீ வந்தது. முதுமையிலும் சென்னை மதுரவாயலில் ஆய்வைத் தொடர்ந்தார். மேரி கியூரியைப் பற்றிக் கட்டுரை எழுதும் நம் பிள்ளைகள், பக்கத்து ஊரில் வேலை பார்த்த இவர் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் பள்ளியை விட்டுப் போகிறார்கள். இதைவிட அநியாயம் வேறென்ன? கோவைக்குச் சுற்றுலா போகும் பேருந்து அந்த நிலையத்தின் வாசலிலும் நிற்க வேண்டும்.

அடுத்தது நம் ஊர்ச் சாயப்பட்டறை. அங்கே லேபில் துணித்துண்டை லைட் பாக்ஸில் வைத்து, பார்ட்டி அனுப்பிய ஷேடோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் ஒரு பெண். முதலில் உப்பு, சாயம் ஏறிய பிறகு சோடா. சூடு தப்பினாலோ பிஹெச் தப்பினாலோ கலர் மாறும். ஒன்பதாம் வகுப்பு வேதியியலில் வரும் அமிலமும் காரமும் உப்பும்தான் இது. ஆனால் அவரைப் பள்ளி மேடைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்காமல் அவரை அனுப்பிவைக்கும்படி கம்பெனிகளைக் குழு, கட்டாயப்படுத்தாமல், கேட்டுக்கொள்கிறது. கட்டாயமாக்க வேண்டும் என்ற கருத்தும் குழுவில் வலுவாகவே இருந்தது.

செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்து ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநரான நிகர் ஷாஜி, பாலிடெக்னிக்கிலிருந்து சந்திரயான்-3 திட்டத்தின் தலைமைக்குப் போன வீரமுத்துவேல், பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில் பிறந்த விண்வெளி அறிவியலாளர் மயில்சாமி அண்ணாதுரை ஆகியோரின் கதைகள் ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்காக இங்கே வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலும் பேசக்கூடியவர்களை இயன்றவரை அழைக்கலாம். அரசுப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டமாக 2022இல் தொடங்கிய வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் இதற்கு உதவலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்நிகழ்ச்சிகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டும். வேலை நாளில் வைத்தால் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் அம்மாக்களால் வர முடியாது. மகள் என்ன ஆகலாம் என்பதை அவர்களும் கேட்க வேண்டும்.