வரதட்சணை மரணம்: அப்பீலில் வழக்கு உடைவது ஏன்?

1/ "கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள பொண்ணு செத்துட்டா போதும், புருஷன் வீட்டையே குற்றவாளியாக்கிடும் சட்டம்." நெய்வேலி டவுன்ஷிப்பில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. பாதிதான் உண்மை.

2/ 1986ல் வந்த இ.பி.கோ. 304பி, சாட்சியச் சட்டம் 113பி. 2024 ஜூலை முதல் பி.என்.எஸ். 80, பி.எஸ்.ஏ. 118. நம்பர் மாறியது, விஷயம் அதேதான். "கணவர் தரப்பே காரணம்" என்று கோர்ட் அனுமானிக்க வேண்டும்.

3/ ஆனா அந்த அனுமானம் சும்மா வராது. தீக்காயம், உடற்காயம் அல்லது இயல்புக்கு மாறான சாவு. அதுவும் ஏழு வருஷத்துக்குள். வரதட்சணை கேட்டுக் கொடுமை. அந்தக் கொடுமை "சாவுக்குச் சற்று முன்பு" நடந்திருக்கணும். இத்தனையையும் முதலில் அரசுத் தரப்பு நிரூபிக்கணும்.

4/ அப்பீலில் பெரும்பாலும் அடிவாங்குவது அந்தக் கடைசி வரிதான். 2021 மே மாதம் ஒரு ஹரியானா வழக்கில், தலைமை நீதிபதி ரமணா அமர்வு தெளிவாகச் சொன்னது: "சற்று முன்பு" என்றால் "உடனே முன்பு" அல்ல; ஆனால் கொடுமைக்கும் சாவுக்கும் தொடர்பு அறுந்திருக்கக் கூடாது. 304பி தண்டனை நின்றது. தற்கொலைக்குத் தூண்டிய 306 ரத்தானது. சம்பந்தமில்லாத உறவினர்களை இழுப்பது பற்றியும் அதே தீர்ப்பு எச்சரித்தது.

5/ அனுமானத்தை எதிர்த்து வாதாடுவது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. அதற்காக அனுமானமே கூடாதுன்னா, நாலு சுவருக்குள் நடந்ததுக்குச் சாட்சி யாரு?

6/ ஓட்டை வேற இடத்துல இருக்கு. ஓ.பி.க்கு கன்னம் வீங்கி வருவாங்க. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் டாக்டர்." பக்கத்துலயே மாமியார். கூட்டத்துல நாமும் அதையே எழுதி, மாத்திரை கொடுத்து அனுப்பிடுறோம். நானும் செஞ்சிருக்கேன். பின்னாடி கோர்ட்டில் அப்பா "அடிக்கடி காசு கேட்டாங்க சார்" என்பார். எப்போ? எவ்வளவு? பதில் இருக்காது. சந்தேகத்தின் பலன் எதிர்த் தரப்புக்கு.

7/ டாக்டர்களே, அவங்களைத் தனியா விசாரிங்க. ஏ.ஆர். என்ட்ரி போடுங்க. அவங்க சொன்ன வார்த்தையையே எழுதுங்க.

பெற்றோர்களே, வாட்ஸ்அப் வாய்ஸ், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீங்க. "அனுசரிச்சுப் போம்மா" என்பதற்குப் பதில் "கிளம்பி வாம்மா" என்று சொல்லுங்க. 181 இலவச உதவி எண்.

8/ இதெல்லாம் அப்பீலில் ஜெயிக்க மட்டும் இல்லைங்க. உயிரோட இருக்கும்போதே எழுதி வெச்சா, பல வழக்குகள் 304பி வரைக்கும் போகவே போகாது.