ஒரு வாய் ஊட்டிப் பார்க்காதீர்கள்

எங்கள் சேத்தியாத்தோப்புப் பக்கம் மல்லாட்டை தின்னாத பிள்ளை கிடையாது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. ரகங்களை வெளியிட்ட மண் இது. இங்கே பிறந்த என் பேரனுக்கு மல்லாட்டை ஆகாது. "கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் பழகிவிடும்" என்று மருமகளிடம் வாதாடியவன் நான்தான்.

போன வருடம் வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள். ஒரே ஒரு கடலை மிட்டாய். சற்று நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இரைத்தது. டீச்சர் பதறிப்போய் எங்களுக்குப் போன் செய்தார். நாங்கள் போய்ச் சேரும்வரை பிள்ளை அப்படியே கிடந்தான். பிழைத்தது தெய்வச் செயல்.

டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்களுக்கே டாக்டர் பிறகுதான் விளக்கினார். அரிப்பு மாத்திரை மூச்சுத் திணறலைத் தீர்க்காது. தாமதிக்காமல் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். வெளிநாடுகளில் பேனா போன்ற ஊசியைப் பள்ளியிலேயே வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மருந்துக் கடையில் அது எளிதில் கிடைக்காது. ஆகவே முதல் போன் 108-க்கு, பெற்றோருக்கு அடுத்துதான்.

சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். அந்த அளவுக்குக் கேட்டுச் செய்யும் பள்ளிக்கூடம், சேர்க்கும்போதே 'எது ஆகாது?' என்று ஒரு வரி கேட்டு எழுதிக்கொள்ளலாம். வகுப்பாசிரியருக்கும் சமையல் செய்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆகாது என்று பெற்றவள் சொன்னால், பாசத்துக்காகக்கூட ஒரு வாய் ஊட்டிப் பார்க்காதீர்கள்.