இனிப்பு உருண்டையும் எலும்புருக்கி நோயும்

ஆலைத் தொழிலாளி இருமுகிறான். சளியில் இரத்தம் காண்கிறான். "பின்விளைவே இல்லாத வைத்தியம்" என்று ஓமியோபதி உருண்டையை நீட்டுகின்றனர். விளைவே இல்லாத பண்டத்திற்குப் பின்விளைவு ஏது?

ஜெர்மனியின் ஹானிமன் 1796-ல் வெளியிட்ட முறை இது. சரக்கு ஒரு துளி, நீரோ சாராயமோ 99 துளி, குலுக்கு! அதில் ஒரு துளி எடு, மீண்டும் 99 துளி சேர்! இப்படி 30 முறை! 12 முறை தாண்டினாலே மூலச் சரக்கின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. குறையக் குறைய வீரியம் கூடுகிறதாம்! கூலியைக் குறைத்துவிட்டு, "உன் வருமானம் கூடிற்று" என்று முதலாளி சொன்னால் ஒப்புவோமா?

சாதாரணச் சளி தானே தீரும். அந்தப் பெருமையை உருண்டை தட்டிக்கொண்டு போகட்டும். எலும்புருக்கி எனும் காசநோய் அப்படியா? 1882-ல் ராபர்ட் காக் கண்டறிந்த கிருமியின் வேலை அது. நாள் கடத்தினால் நுரையீரலைத் தின்னும். பெற்ற பிள்ளைக்கும் பரவும். காசநோய்க்கு ஓமியோபதியைத் தாம் பரிந்துரைப்பதில்லை என்று 2009-லேயே உலக சுகாதார நிறுவனத்தார் அறிவித்துவிட்டனர். எந்த நோய்க்கும் அது பயன்படுமென நம்பத்தக்க சான்றில்லை என்று ஆஸ்திரேலிய தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-ல் தீர்ப்புரைத்தது.

அரசு மருத்துவமனையில் சளிச் சோதனை இலவசம், மருந்தும் இலவசம். பெரும்பாலோர்க்கு 6 மாதம் தவறாது உண்டால் நோய் தீரும். அது நமது வரிப்பணம்; பிச்சையல்ல, உரிமை!

கிளைத் தோழர்களே! இரண்டு வாரமாக இருமும் தொழிலாளியைக் கண்டால், கைப்பிடித்து அங்கே அழைத்துச் செல்லுங்கள். நாம் மேடையில் முழங்கும் பகுத்தறிவு, அவன் மூச்சைக் காக்கட்டும்!