வைக்கோல் வியாபாரிகளும் வேட்டைக்காரர்களும்: நிலவுடைமை விவசாயிகளின் கோரிக்கை மனு

அனுப்புநர்: சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வாழும் தமிழ் பேசும் விவசாயிகளின் சங்கத்தினர்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர்கள், சித்தூர் மற்றும் திருப்பதி

நகல்: இரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்கள், வன அலுவலர்கள், ஆந்திரப் பிரதேசத் தெற்கு மின் பகிர்மான நிறுவனம், திருப்பதி

பொருள்: பட்டா நிலத்தில் வைக்கோல் எடுப்பதையும் வேட்டைக்கு நுழைவதையும் ஒழுங்குபடுத்த வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

குப்பம், பலமனேர் காட்டோரங்களிலும் சத்தியவேடு, நாகலாபுரம், காளஹஸ்தி பகுதி நெல் வயல்களிலும் பயிர் செய்பவர்கள் நாங்கள். கதிர் அறுத்த பின் எங்கள் நிலத்தைத் தேடி இரண்டு விதமானவர்கள் வருகிறார்கள். வைக்கோல் வாங்க வருபவர்கள் எங்களுக்கு வேண்டியவர்கள். அவர்களோடு ஒழுங்கான கணக்கு இருந்தால் போதும். வேட்டைக்கு வருபவர்களால் எங்கள் மாடும் மனிதரும் சாகிறார்கள். எங்கள் நிலத்தில் யார் கால் வைப்பது என்பதை எங்கள் சம்மதமே முடிவு செய்ய வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

இயந்திர அறுவடை வந்த பிறகு வைக்கோல் வயலிலேயே கிடக்கிறது. சுருட்டும் இயந்திரத்தோடு வரும் தரகர், ஏக்கருக்கு இவ்வளவு என்றோ கட்டுக்கு இவ்வளவு என்றோ வாய்ப்பேச்சில் விலை பேசுகிறார். சிறு முன்பணம் தந்து லோடு ஏற்றிப் போனவரிடமிருந்து மீதிப் பணம் வராதபோது, காட்ட எங்களிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. குத்தகை நிலத்தில் இன்னொரு தொல்லை: உழுதவரிடம் ஒரு விலை, நிலக்காரரிடம் ஒரு விலை பேசி, இருவருக்கும் சண்டை மூட்டிவிட்டுச் சரக்கை எடுத்துப் போகிறார்கள். பால் மாட்டை நம்பிப் பிழைக்கும் மாவட்டங்கள் இவை. வைக்கோலும் வேர்க்கடலைக் கொடியும் கோடையில் எங்கள் மாட்டின் உயிர். ஆகவே கிராம சச்சிவாலயத்தில் ஒரு பதிவேடு வைத்து, வாங்குபவர் பெயர், வண்டி எண், விலை, பாக்கி, நிலக்காரர் மற்றும் குத்தகைதாரர் கையொப்பம் ஆகியவற்றைப் பதியச் செய்யுங்கள். எடைக்கு விற்கும் இடங்களில் எடை மேடைச் சீட்டின் நகல் விற்பவருக்கும் கிடைக்க வேண்டும். தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளில் வைக்கோல் லாரி உரசித் தீப்பிடிக்காமலிருக்க, அறுவடைக்கு முன்பே கம்பிகளை உயர்த்தித் தரவும் வேண்டுகிறோம்.

வேட்டையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பன்றிக்கென்று பழத்திலோ மாவிலோ வெடிமருந்தைப் பொதிந்து வரப்பில் வைக்கும் அவுட்டுக்காயை மேயப் போகும் பசு கடித்தால் தாடை சிதறிவிடும். தீனி தின்ன முடியாமல் நாள்கணக்கில் துடித்துச் சாகும் மாட்டைப் பார்த்தவர்கள் எங்களில் உண்டு. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று இத்தகைய வெடியால் மாண்டபோது நாடே கலங்கியது. எங்கள் மாடுகளின் சாவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கால்நடை மருத்துவரின் சான்றை ஆதாரமாக ஏற்று, வெடியால் செத்த மாட்டுக்கும் இழப்பீடு தாருங்கள்.

இதைவிடக் கொடியது மின்கம்பி. மோட்டாருக்கு வரும் மின்சாரத்தைக் கொக்கி போட்டு இழுத்து, முழங்கால் உயரத்தில் கட்டுக்கம்பியை ஓட்டிவிடுகிறார்கள். இருட்டில் மோட்டார் போடப் போகிறவருக்கு அது எமன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இவ்வேட்டையைத் தடுக்கிறது; மின்சாரச் சட்டம், 2003 இத்திருட்டைத் தண்டிக்கிறது. ஆனால் கம்பி எங்கள் வயலில் கிடந்தால் முதல் சந்தேகம் எங்கள்மேல்தான் விழுகிறது. அதனாலேயே பலர் கண்டும் வாய் திறப்பதில்லை. தானே முன்வந்து தகவல் தரும் விவசாயியைப் புகார்தாரராகவே நடத்த வேண்டும் என்று எழுத்துமூலம் உத்தரவிடுங்கள். 1912 என்ற மின் புகார் எண்ணுக்குச் சொன்ன உடனே அந்தப் பகுதியின் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வெடியைக் கண்டால் பயிற்சி பெற்றவர்களே வந்து அகற்ற வேண்டும். எங்கள் கையால் தொடச் சொல்லாதீர்கள்.

காட்டுப்பன்றி ஒரே இரவில் கடலைக் கொல்லையைப் புரட்டிவிடுகிறது என்பதை நாங்கள் மறைக்கவில்லை. அதைக் கட்டுப்படுத்துவது அவசியமானால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் உள்ள வழியில், வனத்துறையே அனுமதி தந்து, தன் பொறுப்பில் செய்யட்டும். ‘உங்கள் பயிரைக் காக்கிறோம்’ என்று சொல்லி, நாட்டுத் துப்பாக்கியோடும் தலைவிளக்கோடும் வருபவர்களின் தயவு எங்களுக்கு வேண்டாம். முயலைக் கிளப்பப் புதருக்கு அவர்கள் வைக்கும் தீ வைக்கோற்போரையும் பற்றிக்கொள்கிறது.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். வயலில் எலி பிடிக்க நாங்களே அழைக்கும் யானாதி, இருளர் குடும்பங்கள் இந்த நடவடிக்கையில் சிக்கி அலைக்கழிக்கப்படக் கூடாது. வெடி தயாரிப்பவர்களையும் இறைச்சி வாங்குபவர்களையும் விட்டுவிட்டு, கையில் கடப்பாரையோடு நிற்கும் ஏழையைப் பிடிப்பது நியாயமல்ல.

அனுமதியின்றி நுழையத் தடை என்ற அறிவிப்புப் பலகைகளைத் தெலுங்கிலும் தமிழிலும் காட்டோரக் கிராமங்களில் வைக்கவும், வருவாய், காவல், வனம், மின் துறையினரும் எங்கள் பிரதிநிதிகளும் அமரும் கூட்டம் ஒன்றை அடுத்த அறுவடைக்கு முன் கூட்டவும் வேண்டுகிறோம். இம்மனுமீது எடுக்கப்படும் நடவடிக்கையைத் திங்கட்கிழமைக் குறைதீர் முகாமில் எழுத்துமூலம் தெரிவிக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்